அலைவரிசைத் தடங்கள் – 9: பினாயில் கம்பெனி அனுப்பிய துப்பறிவாளன்

1915 பிப்ரவரி 12. கல்கத்தாவின் தென்மேற்கு ஓரம், ஹூக்ளி ஆறு வளைந்து திரும்பும் கார்டன் ரீச். பேர்ட் அண்ட் கம்பெனியின் ஆட்கள் ஆலைக்குப் பணம் கொண்டுபோகிறார்கள். பட்டப்பகல். ஒரு டாக்சி வந்து வழியை மறிக்கிறது. இறங்கியவர்கள் கையில் துப்பாக்கி. 18,000 ரூபாய் கைமாறுகிறது, டாக்சி போய்விடுகிறது. துப்பாக்கி காட்டிப் பறிப்பது கல்கத்தா போலீசுக்குப் பழகிப்போன சங்கதிதான். டாக்சியில் வந்து பறித்துவிட்டு டாக்சியிலேயே தப்புவது புதிது. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள், பத்தே நாளில், பேலியாகாட்டாவில் இன்னொரு கொள்ளை.

போலீஸ் ஆளைப் பிடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் நரேந்திரநாத் பட்டாச்சார்யா. ஜாமீனில் வெளியே வந்தார், ஏப்ரலில் ‘மார்ட்டின்’ என்ற பெயரில் கப்பலேறி பட்டேவியா போய்ச் சேர்ந்தார். ஜெர்மன்காரர்களிடம் ஆயுதம் வாங்கிவருவது திட்டம். கொள்ளையடித்த பணம் அந்தச் செலவுக்குத்தான். இந்த மார்ட்டினைத்தான் உலகம் பிறகு எம்.என். ராய் என்று அறிந்தது. 1924 கான்பூர் சதி வழக்கில் நம் சிங்காரவேலரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டாரே, அதே ராய்.

திட்டத்தின் தலைவர் ஜதீந்திரநாத் முகர்ஜி. புலியைக் கத்தியால் கொன்றவர் என்பதால் ‘பாகா ஜதீன்’, அதாவது புலி ஜதீன், என்று வங்காளம் கொண்டாடும் மனிதர். அவரைத் தேடிப்போன போலீஸ் படையில் சார்லஸ் டெகார்ட் இருந்தார். 1915 செப்டம்பர் 9 அன்று ஒரிசாவின் பாலசோருக்குப் பக்கத்தில் மோதல். காயம்பட்ட ஜதீன் மறுநாள் இறந்தார். பாலசோர் என்பது பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் தடத்தில் ஓர் ஊர். சென்னையிலிருந்து ஹவுரா போகிற வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த ரயில்வேயின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தது? கார்டன் ரீச்சில்தான். இப்போது அது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம்.

வானொலியின் வரலாற்றைச் சொல்ல வந்த தொடரில் டாக்சிக் கொள்ளை எதற்கு என்று கேட்கலாம். ஒரு துப்பறியும் நாடகத்துக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இந்த வழக்கில் இருக்கிறது: புதுவகைக் குற்றம், மாறுவேடம், பொய்ப் பெயர், கப்பல், தடம் பிடிக்கும் அதிகாரி. கல்கத்தாவுக்கு 12 வருடத்தில் வானொலி வந்துவிட்டது. துப்பறியும் கதைக்கு இந்தியாவிலேயே மூத்த ஊர்களில் ஒன்று கல்கத்தா. ஆனாலும் வாரந்தோறும் வீட்டில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து குற்றக் கதை கேட்கும் பழக்கம் அங்கே வேரூன்ற இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. எது குறுக்கே நின்றது என்பதுதான் இந்த வாரச் சங்கதி. விடை கதையில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

முதலில் கதையின் பக்கம். 1868இல் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ரோஸ் பிரவுன் என்ற பெண் கொலைசெய்யப்பட்டுக் கிடந்தார். அந்த வழக்கில் போலீஸ் திணறியதையொட்டி, கமிஷனர் ஸ்டூவர்ட் ஹாக் காலத்தில் கல்கத்தா போலீசுக்கு டிடெக்டிவ் பிரிவு வந்தது. அந்தப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பிரியநாத் முகோபாத்யாய், தான் விசாரித்த வழக்குகளை ‘தாரோகார் தப்தர்’ என்று 1892 முதல் மாதாமாதம் எழுதி வெளியிட்டார். இன்ஸ்பெக்டரின் பைல்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கதைகள். சென்னையில் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்து துப்பறியும் கோவிந்தன் நமக்கு அறிமுகமானது 1908இல். அதாவது தமிழன் துப்பறியத் தொடங்கியபோது வங்காளிக்குப் பதினாறு வருட அனுபவம்.

ஆனால் 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு கல்கத்தாவில் ‘டிடெக்டிவ்’ என்றாலே முகம் சுளிக்கும்படி ஆயிற்று. தெருமுனையில் வேலையில்லாமல் நிற்பவனும் டிடெக்டிவ், டீக்கடையில் பக்கத்து மேசைக்காரன் பேச்சை ஒட்டுக்கேட்பவனும் டிடெக்டிவ். அவன் தேடுவது திருடனை அல்ல, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனை. டெகார்ட் 1923இல் நகரத்தின் போலீஸ் கமிஷனராகவே ஆனார். 1924 ஜனவரியில் கோபிநாத் சாஹா என்ற இளைஞர் அவரைச் சுட வந்து, ஆள் மாறி எர்னஸ்ட் டே என்ற வேறொரு வெள்ளைக்காரரைச் சுட்டுத் தூக்குமேடை ஏறினார். இப்படிப்பட்ட ஊரில் போலீஸ்காரனைக் கதாநாயகனாக வைத்து யார் கதை எழுதுவார்கள்? எழுதினாலும் யார் படிப்பார்கள்?

சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பியோம்கேஷ் பக்‌ஷி போலீஸ் அல்ல, ‘டிடெக்டிவ்’ என்று யாராவது சொன்னாலும் பிடிக்காது. வாசல் பலகையில் ‘சத்யான்வேஷி’ என்று எழுதிக்கொண்டான். உண்மையைத் தேடுகிறவன். 1993இல் பாசு சாட்டர்ஜியின் தூர்தர்ஷன் தொடரில் ரஜித் கபூரைப் பார்த்தவர்களுக்கு அந்த வேட்டியும் நிதானமும் நினைவிருக்கும். பியோம்கேஷின் ஆரம்பகாலக் கதையான ‘பதேர் காண்டா’வில் கொலைகாரனின் ஆயுதம் கிராமபோன் ஊசி. சைக்கிள் மணிக்குள் பொறி வைத்து, மணியடிக்கும் சாக்கில் எதிரே வருகிறவனின் நெஞ்சுக்குள் ஊசியைச் செலுத்திவிடுவான். கேட்பதற்கென்றே செய்த குற்றம் இது. தெருவிரைச்சல், ‘ட்ரிங்’ என்று ஒரு மணி, ஒரு உடல் சாய்கிற ஓசை. ஒலியை வைத்தே முழு நாடகத்தையும் நடத்திவிடலாம்.

அந்த நேரத்தில் வானொலி எப்படி இருந்தது? சாகக் கிடந்தது.

இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் 1927 ஜூலை 23இல் பம்பாயிலும் ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவிலும் நிலையம் தொடங்கியது. கல்கத்தா நிலையம் 1, கார்ஸ்டின் பிளேஸ் என்ற பழைய வீட்டில். அந்த வீட்டில் பேய் உலவியதாக அங்கே வேலை பார்த்தவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்குப் பேயைவிடக் கணக்குப் புத்தகமே பயங்கரமாக இருந்தது. 15 லட்சம் முதலீட்டில் கையில் வந்தது 6 லட்சம். ரேடியோப் பெட்டி வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும், அதில் எட்டு ரூபாய் கம்பெனிக்கு. இரண்டு நிலையத்தின் ஒலிபரப்பும் நல்லபடி எட்டியது சுமார் 50 கிலோமீட்டர். நாடு முழுக்க லைசென்ஸ் எட்டாயிரத்தைத் தொடவே மூச்சு வாங்கியது. லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாகக் கேட்டவர்களின் தொகை தனி. 1930 மார்ச்சில் கம்பெனி திவால். ஏப்ரலில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒன்றரை வருடத்தில் அரசாங்கத்துக்கும் கை கடித்தது. 1931 அக்டோபரில் மூடிவிடப்போவதாக அறிவித்தார்கள். நேயர்களும் ரேடியோ வியாபாரிகளும் கூச்சல் போட்டார்கள், வங்காளத்தில் கூச்சல் பலம். நவம்பரில் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 1932 மே மாதம், நடத்தியே தீருவது என்று தீர்மானமாயிற்று. அந்த வருடக் கடைசியில் பிபிசி தன் எம்பயர் சர்வீசைத் தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் பெட்டி வாங்க ஓடினார்கள். 1934 முடியும்போது லைசென்ஸ் 16,000ஐத் தாண்டியது. 1936 ஜூன் 8 முதல் அதற்குப் பெயர் ஆல் இந்தியா ரேடியோ.

ஆக, பியோம்கேஷ் பிறந்த ஆண்டும் கல்கத்தா ரேடியோவுக்கு அரசாங்கம் உயிர்ப்பிச்சை கொடுத்த ஆண்டும் ஒன்றுதான். பிச்சை கொடுத்தவர் யாரோ அவருடைய போலீஸ்தான் வீதியில் கல்லூரிப் பையன்களைத் தேடிக்கொண்டிருந்தது. கார்டன் ரீச் கொள்ளை நடந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. அதை நாடகமாக்கினால் டெகார்ட் ஆட்களை வீரர்களாகக் காட்ட வேண்டும், ஊர் சிரிக்கும். ஜதீனை வீரனாகக் காட்டினால் நிலையத்தின் கதவை மூடிவிடுவார்கள். உண்மைக் குற்றத்தின் பக்கமே போகாமல் இருப்பதுதான் பிழைக்கும் வழி. புராணம், சரித்திரம், தாகூர், சரத் சந்திரர் நாவல்கள், மேடையில் ஓடிய நாடகங்கள்: கார்ஸ்டின் பிளேஸ் இவற்றில்தான் கை தேர்ந்தது.

அந்தத் தேர்ச்சி சாதாரணமானதும் அல்ல. வீரேந்திர கிருஷ்ண பத்ரா என்ற 1905இல் பிறந்த இளைஞர் 1928 வாக்கில் நிலையத்துக்குள் வந்தார். நாடகம் எழுதினார், நடித்தார், இயக்கினார், பெண்கள் நிகழ்ச்சி நடத்தினார். 1941 ஆகஸ்ட் 7 அன்று தாகூரின் இறுதி ஊர்வலத்தை நேரில் பார்த்துப் பார்த்து மைக்கில் சொன்னார். பானி குமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, பத்ரா குரல் கொடுத்த ‘மகிஷாசுரமர்த்தினி’ 1930களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மகாளய அமாவாசையன்றும் விடியற்காலை நான்கு மணிக்கு வங்காளத்தை எழுப்புகிறது. 1976இல் நிலையத்தாருக்கு ஒரு புத்தி வந்தது. கிழவரின் குரலை மாற்றிவிட்டு சினிமாவின் உச்ச நட்சத்திரம் உத்தம் குமாரைப் பேசவைத்தார்கள். ஊரே கொதித்தது. அதே வருடம் துர்கா பூஜைக்குள் பழைய பதிவைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. திரையில் யாரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், காதில் விழுந்த குரலை மாற்றாதீர்கள் என்பது கல்கத்தாக்காரர்களின் கட்சி. இந்தக் கட்சியை ஞாபகம் வைத்திருங்கள், துப்பறிவாளன் விஷயத்தில் மறுபடி வரும்.

இப்போது கடல் கடந்து ஒரு நடை. அமெரிக்காவில் வானொலி அரசாங்கத்துடையது அல்ல, சோப்பு, பற்பசை, காபிப்பொடி வியாபாரிகளுடையது. 1930 அக்டோபரில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக என்பிசியில் தொடராக வந்தபோது செலவு ஜார்ஜ் வாஷிங்டன் காபியுடையது. அடுத்த வருடம் வந்த ‘ஈனோ கிரைம் கிளப்’புக்குப் பணம் கொடுத்தது நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிற அந்த ஈனோ உப்புத்தான். ‘தி ஷேடோ’வுக்கு நிலக்கரி வியாபாரி. மனிதனுக்கு வயிறு உப்புவதும் பக்கத்து வீட்டில் கொலை நடப்பதும் நிற்கப்போவதில்லை, ஆகவே ஒன்றை வைத்து மற்றதை விற்கலாம் என்று யாரோ ஒரு விளம்பரக்காரர் கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் மிஸ்டர் கீன். 1937 முதல் 1955 வரை ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள். காணாமல் போனவர்களைத் தேடித்தரும் அன்பான கிழவர். அடிதடி கிடையாது. கூட மைக் கிளான்சி என்று ஒரு முரட்டு உதவியாளர். கீனுக்குப் படியளந்தது கோலினாஸ் பற்பசை விற்ற கம்பெனி. கிழவரைத் துப்பறிவாளராக்கியதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. ரேடியோவில் வயது என்பது குரலில் மட்டும்தான். தாத்தா நிதானமாகக் கேட்பார், எதிராளி எல்லாவற்றையும் கொட்டிவிடுவான், நேயருக்கும் கதை விளங்கிவிடும். பெரியவர்களைக் குற்றம் செய்யவைத்தாலும் இதே லாபம். வயதான அக்கா தங்கை இருவர், தனிமையில் வாடும் கிழவர்களுக்கு இரக்கப்பட்டு ஒயினில் நஞ்சு கலந்து கொடுக்கும் ‘ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ மேடையிலிருந்து சினிமாவுக்கும் அங்கிருந்து ரேடியோவுக்கும் போனது. அந்தக் குரல்களின் கனிவுதான் அங்கே திகில்.

கல்கத்தாவிலோ திகில் ஆகாயத்திலிருந்தே வந்தது. 1943 டிசம்பர் 5 பகலில் ஜப்பானிய விமானங்கள் கிதிர்ப்பூர்த் துறைமுகத்தில் குண்டு போட்டன. அடுத்த வீடு கார்டன் ரீச். அந்த வருடம் பஞ்சத்தின் வருடமும்கூட. ரேடியோவில் என்ன துப்பறியும் கதை வந்தது என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். யாருடைய ரேடியோவைக் கேட்பது, பெர்லினா டோக்கியோவா டில்லியா என்பதுதான் வீட்டுக்குள் நடந்த பேச்சு. எழுத்தாளரும் ஊரில் இல்லை. சரதிந்து 1938லேயே பாம்பே டாக்கீசுக்குக் கதை எழுதப் பம்பாய் போய்விட்டார். பியோம்கேஷ் பதினைந்து வருடத்துக்குக் கிட்ட ஓய்வில் இருந்து, 1950களின் தொடக்கத்தில்தான் திரும்பி வந்தான்.

சுதந்திரம் வந்தது. டெகார்ட் எப்போதோ போயிருந்தார், பாகா ஜதீன் சிலையானார். இனி அரசாங்க ரேடியோவுக்குத் துப்பறிவாளன்மீது என்ன பகை? பகை இல்லை, ஏளனம் இருந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், ரேடியோ என்பது மக்களைத் திருத்தும் பள்ளிக்கூடம் என்று நினைத்தவர். சினிமாப் பாட்டையே வாசலுக்கு வெளியே நிறுத்தினார். கொலைக் கதைக்கு எந்த மூலையில் இடம் கிடைக்கும்?

இங்கேதான் கொழும்பு கதைக்குள் நுழைகிறது. நாம் ‘சிலோன் ரேடியோ’ என்று அழைத்து வளர்ந்த இலங்கை வானொலி 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. யுத்தகாலத்தில் மவுண்ட்பேட்டன் படைக்காக நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி அவர்கள் கையில் இருந்தது. கேஸ்கர் துரத்திய பாட்டெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. 1952இல் பினாகா கீத்மாலா. பற்பசை விற்றது, பாட்டு பரவியது. இராமநாதபுரத்துப் பிள்ளை முதல் பாட்னா மாணவன்வரை காதை மன்னார் கடல்பக்கம் திருப்பிவைத்தார்கள். டில்லி ஐந்து வருடம் தாக்குப்பிடித்தது. 1957 அக்டோபர் 3இல் விவித பாரதியைத் தொடங்கிப் பாட்டை உள்ளே அழைத்தது. இன்னும் பத்து வருடம் யோசித்துவிட்டு 1967 நவம்பர் 1 அன்று பம்பாய், புனா, நாக்பூரில் விளம்பரத்தையும் அனுமதித்தது. கல்கத்தாவும் சென்னையும் அடுத்து வந்தன. விளம்பரத்துக்குப் பின்னால் ‘வழங்குவோர்’ வந்தார்கள். அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி, தன் சொந்த நிகழ்ச்சியைத் தானே தயாரித்துக் கொடுக்கலாம். அமெரிக்கா 1930இல் செய்ததற்கும் நாம் செய்ததற்கும் இடையில் நாற்பது வருடம்.

கல்கத்தா விவித பாரதியில் இந்த வாசலைத் திறந்து உள்ளே வந்தது ஒரு பெண்குரல். ஸ்ராவந்தி மஜும்தார். பச்சைக் குழாயில் வரும் போரோலின் களிம்புக்கு அவர் பாடிய விளம்பரப் பாட்டை ஐம்பதைத் தாண்டிய எந்த வங்காளியிடம் கேட்டாலும் முணுமுணுத்துக் காட்டுவார். அந்தக் களிம்பின் பெயரிலேயே ‘போரோலினேர் சன்சார்’ என்று நாடக நிகழ்ச்சி. நட்சத்திர நடிகர்கள் அதில் குரல் கொடுத்தார்கள். கூடவே, சனிக்கிழமை மதியம், ‘சனிபாரேர் பார்பேலா’. சனிக்கிழமையின் ராகுகாலம் என்று நம் வீட்டுப் பாட்டி சொல்லியிருப்பாள். கொலை, பேய், மர்மம். வழங்கியவர்கள் ஒரு பினாயில் கம்பெனி. தரை கழுவும் மருந்துக்காரர் வந்துதான் துப்பறிவாளனுக்குக் கல்கத்தா வானொலியில் நிரந்தர நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

அன்றைய நேயர் எப்படிக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அரைநாள் வேலை. கார்டன் ரீச் ரயில்வே அலுவலகக் குமாஸ்தா மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் நேரம். பக்கத்து மெட்டியாபுருஸ் தையல்காரர்களின் பேட்டை, வாரக்கடைசிச் சந்தைக்குத் துணி தைத்து முடிக்கும் அவசரம். கண்ணும் கையும் ஊசியில் இருக்கும்போது காது மட்டும்தான் சும்மா இருக்கும். மெட்டியாபுருஸ் ஒருகாலத்தில் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா ராஜ்யத்தைப் பறிகொடுத்து 1856இல் வந்து குடியேறிய இடம். பாட்டும் கதக்கும் மேடைக் கூத்தும் லக்னோவிலிருந்து கல்கத்தாவுக்கு இறங்கிய துறை. 1887இல் அவர் இறந்ததும் அந்தத் தர்பார் கலைந்தது, பாட்டுக்காரர்கள் நகரமெங்கும் சிதறினார்கள். இந்த நவாப்பின் கடைசி லக்னோ நாட்களை 1977இல் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யாக எடுத்தவர் சத்யஜித் ராய். நாம் அடுத்துப் பார்க்க வேண்டிய துப்பறிவாளனைப் பெற்றவரும் அவர்தான்.

1965 டிசம்பரில் ‘சந்தேஷ்’ சிறுவர் பத்திரிகையில் ராய் ஒரு துப்பறியும் கதையைத் தொடங்கினார். பிரதோஷ் மித்தர், வீட்டுப்பெயர் ஃபெலு. கதையைச் சொல்பவன் சித்தப்பா மகன் தோப்ஷே. அவன் ‘ஃபெலு-தா’ என்று, அதாவது ஃபெலு அண்ணா என்று, கூப்பிட்டதுதான் பெயராக நிலைத்தது. அண்ணனுக்கு 27, தம்பிக்குப் பதின்மூன்றரை. துப்பறிவாளனுக்கு ஒரு ஜோடி வேண்டும் என்பது கோனன் டாயில் காலத்து விதி. நம் கணேஷுக்கு வசந்த் இருக்கிறானே. அச்சில் அது வசதி, ரேடியோவில் அது கட்டாயம். மைக்குக்கு முன்னால் துப்பறிவாளன் மௌனமாக யோசித்தால் நேயர் பெட்டி பழுது என்று நினைத்துத் தட்டுவார். யாரிடமாவது அவன் பேசித்தான் ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவன் தம்பி முறையாக இருந்துவிட்டால் சமாதானமே தேவையில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, நள்ளிரவில் எழுப்பினாலும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ராய் 1992இல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். முழுமையானவை 35 கதைகள். சகோதரர்களுக்கு வயது மெல்ல ஏறியது, பிறகு ஏறுவதை நிறுத்திக்கொண்டது. காலண்டர்படி கணக்குப் போட்டால் 2016இல் ஃபெலூடாவுக்கு 78, தோப்ஷேக்கு 64. இரண்டு பெரியவர்கள். கதைக்குள் இளமை இருந்ததே தவிர, திரையில் நடித்தவர்களைக் காலம் விடவில்லை. ‘சோனார் கேல்லா’ (1974), ‘ஜய் பாபா ஃபெலுநாத்’ (1979) இரண்டிலும் சௌமித்ர சாட்டர்ஜி ஃபெலூடா. கூட வரும் மர்ம நாவலாசிரியர் ஜடாயுவாக சந்தோஷ் தத்தா. தத்தா 1988இல் இறந்ததும் ராய் இனி ஃபெலூடா படம் எடுப்பதில்லை என்று விட்டுவிட்டார். பிறகு ராயின் மகன் சந்தீப் சவ்யசாசி சக்கரவர்த்தியை வைத்துத் தொடர்ந்தார். ஜடாயு வேடத்துக்கு ரவி கோஷ் வந்தார், 1997இல் காலமானார். அனூப் குமார் வந்தார், 1998இல் காலமானார். விபு பட்டாச்சார்யா வந்தார், 2011இல் அவரும். 2016 டிசம்பரில் வெளிவந்த ‘டபுள் ஃபெலூடா’வை எடுக்கும்போது ஜடாயுவே வராத இரண்டு கதைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் சந்தீப். சவ்யசாசிக்கு அப்போது அறுபது. இளைஞனாக நடிக்க வேண்டும்.

அந்த இரண்டு கதைகளில் ஒன்று ‘கோலோக்தாம் ரகசியம்’. பாலிகஞ்சில் ஒரு பழைய வீடு. அண்ணன் நிகார் தத்தா விஞ்ஞானி, அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்ணும் போனவர். தம்பி சுபீர் அவரைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டில் திருட்டு, அதைத் தொடர்ந்து கொலை. முடிவைச் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதைக் காலடியோசையில் கணக்கு வைத்திருக்கும் மனிதரை மையமாக வைத்த கதை ரேடியோவுக்கு எத்தனை பொருத்தம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். படத்தில் அவருடைய இருட்டை நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். ஒலியில் அதற்குள்ளேயே நாமும் உட்கார வேண்டியிருக்கிறது.

திரை திணறிய காலத்தில் வானொலி வேறு கணக்குப் போட்டது. 2009இல் கல்கத்தாவின் ரேடியோ மிர்ச்சி பண்பலையில் ‘சண்டே சஸ்பென்ஸ்’ தொடங்கியது. ஞாயிறு மதியம், ஒரு கதை. ராயின் சிறுகதைகளில் ஆரம்பித்து பியோம்கேஷ், ஹோம்ஸ் என்று வளர்ந்தது. மீர் அஃப்சர் அலியும் தீப்பும் அவர்களுடைய குழுவும் ஒரு தலைமுறையையே மீண்டும் கேட்கவைத்தார்கள். அதில் ஃபெலூடா யார்? சவ்யசாசிதான். ஜடாயு? ஆகாஷ்வாணியின் நாடகத் தயாரிப்பாளராகப் பல காலம் இருந்த ஜெகந்நாத் பாசு. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி நாடகத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அவர் குரல் பழக்கம். தாடை தளர்ந்ததா, முடி நரைத்ததா என்று மைக் கேட்பதில்லை. 1976இல் உத்தம் குமாரை விரட்டிய அதே காதுகள், அறுபதைத் தொட்ட குரலை இளம் அண்ணனாக ஒப்புக்கொண்டன.

கேட்பவர்கள் பண்பலையோடு நிற்கவில்லை. கதைகள் யூடியூப்புக்குப் போனதும் டாக்காவிலும் துபாயிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் வங்காளிகள் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். 2022இல் மீர் மிர்ச்சியை விட்டு விலகித் தனியாகக் கதை சொல்லும் சானல் தொடங்கினார். கொலைகாரன் பெயர் வெளிவரும் முன் இப்போதும் விளம்பரம் குறுக்கிடுகிறது. கோலினாஸ் போய் செல்போன் ஆப் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். இடையில் நிறுத்தி வியாபாரம் பேசும் உரிமையை விட்டுக்கொடுக்காத வரைதான் துப்பறிவாளனுக்குச் சோறு என்பதை நியூயார்க் 1930லேயே தெரிந்துவைத்திருந்தது. கார்ஸ்டின் பிளேஸ்காரர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே யாரும் கொடுக்கவில்லை.

கொழும்பு தன் அலைவரிசையால் டில்லியை அசைத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், அந்த நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் ‘சானா’ என்று நேயர்கள் அழைத்த எஸ். சண்முகநாதன் யாழ்ப்பாணப் பேச்சைத் தயங்காமல் மைக்குக்குக் கொண்டுவந்தார். அவருடைய ‘லண்டன் கந்தையா’வை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)